தப்புக் கணக்குப் போட்டுத் தாயைக் கொலைகாரி ஆக்காதீர்கள்



ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்ததாகச் செய்தி வந்தால் போதும், "பெத்தவளேதான் கொன்னிருப்பா" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்றொரு வழக்கறிஞர். முதல் குழந்தை 1996-இல் இறந்தது, இரண்டாவது 1998-இல். இரண்டுக்கும் மூன்று மாதம்கூட நிறையவில்லை. கொலை வழக்குப் போட்டார்கள். ராய் மெடோ என்ற புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் சாட்சி சொன்னார்: இப்படிப்பட்ட வசதியான வீட்டில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென்று இறக்க வாய்ப்பு 8,543-இல் ஒன்று, இரண்டும் இறக்க, 8,543-ஐ 8,543-ஆல் பெருக்கினால், சுமார் 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று. 1999-இல் ஆயுள் தண்டனை.

பெருக்கல் சரி. பெருக்கியதுதான் தப்பு. தாயம் இரண்டு முறை விழுவதற்கு அப்படிப் பெருக்கலாம். ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்கு ரத்தமும் ஒன்று, வீடும் ஒன்று. ஒன்றைக் கொண்டுபோன கோளாறு மற்றதிலும் இருக்கலாம். அதோடு, பெற்ற தாய் இரண்டு பிள்ளைகளைக் கொல்வதும் அபூர்வம்தானே? அந்த இரண்டு அபூர்வங்களையும் எதிரெதிரே வைத்தல்லவா பார்க்க வேண்டும்!

இரண்டாவது குழந்தையின் உடலில் நோய்க்கிருமி இருந்ததைக் காட்டும் பரிசோதனை முடிவு, பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவருக்குத் தெரிந்தே இருந்தது. சாலியின் தரப்புக்கு அதைச் சொல்லவில்லை. பின்னால் அது வெளிவந்து, 2003-இல் விடுதலையானார். 2007-இல் இறந்தும் போனார்.

ஆஸ்திரேலியாவில் காத்லீன் ஃபோல்பிக், நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்தவர். 20 ஆண்டு சிறையில் இருந்தார். இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய மரபணு மாற்றம் அவருடைய இரண்டு பெண் குழந்தைகளுக்கும் இருந்தது தெரிந்த பிறகு, 2023-இல் தண்டனை ரத்தானது.

"அப்படியானால் பிள்ளையைக் கொன்றவர்கள் தப்பிக்கட்டுமா?" என்பீர்கள். கூடாது. அடித்தே கொல்லப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உடல் முழுக்க எக்ஸ்ரே எடுத்தால், வெவ்வேறு காலத்தில் முறிந்து கூடிய எலும்புகள் காட்டிக்கொடுக்கும். மூளையையும் விழித்திரையையும் பார்க்க வேண்டும். கிருமி, விஷம், மரபணு மூன்றையும் சோதிக்க வேண்டும். குழந்தை படுத்திருந்த இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். "பச்சைக் குழந்தையை அறுக்க வேண்டாம்" என்று தடுக்கும் பெரியவர்களே, கொன்றவனுக்கும் அதுதான் வசதி. பழி சுமக்கும் தாய்க்கும் அதுதான் கேடு.

இத்தனையும் செய்தும் விடை கிடைக்காமல் போகலாம். தலையணையால் மூச்சை அடைத்தால் உடலில் அடையாளமே இல்லாமல் போவதுண்டு. தானாக நின்ற மூச்சும் அப்படித்தான். அப்போது "காரணம் தெரியவில்லை" என்பதே நேர்மையான விடை. அந்த இடத்தை நம் சந்தேகத்தால் நிரப்பக் கூடாது.

அடுத்த முறை "கொலைகாரி" என்று எழுதும் முன், பிரேதப் பரிசோதனை என்ன சொன்னது என்று கேளுங்கள். அறிக்கை வரவில்லையென்றால் வாயை மூடிக்கொண்டிருங்கள்.