கீழை என்றால் எங்கே?

"கீழை நாடுகள்" என்று எழுதும்போது பலரும் இந்தியாவையும் அதில் சேர்த்துவிடுகிறார்கள். யோசித்தால் வேடிக்கைதான்!

தமிழில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. மேற்கே மலை உயர்ந்து நிற்கிறது; அங்கிருந்து நிலம் கிழக்குக் கடல்வரை சரிகிறது. குடகில் பிறக்கும் காவிரி பூம்புகாரில் கடலில் கலப்பதும் அதனால்தான். ஆக, 'கீழை'யில் இழிவு எதுவும் இல்லை, நிலத்தின் சரிவுதான் இருக்கிறது.

1025-ல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம், இன்றைய மலேசியாவின் கெடா, தஞ்சையில் நிற்பவருக்குக் கீழை நாடு. சரி. ஆனால் தஞ்சையே எப்படிக் கீழை நாடாகும்? லண்டனில் நிற்பவருக்குத்தான் அது பொருந்தும். ஐரோப்பியரின் 'ஓரியண்டல்' என்ற சொல்லைத் தமிழாக்கியபோது, அவர்கள் நின்ற இடமும் கூடவே வந்துவிட்டது.

'இந்திய', 'ஆசிய' என்றே எழுதலாமே... திசையைச் சொல்லும் முன் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டாமா?