கடைத் தம்பி அமத்தின 'ஓம்'

வெள்ளவத்தையில் காலி வீதிக் கடையொன்றில் லெப்டொப்பைத் திருத்தக் குடுத்துத் திரும்ப எடுத்தால், அநேகமாகப் புது விண்டோஸ் போட்டிருக்கும். போடேக்க அது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் 'அக்செப்ட்' அமத்தினது நாங்கள் இல்லை, கடையில் நின்ற தம்பி. அவரைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்குப் பத்து மிசின் பார்க்கிற பிள்ளை எத்தனை ஆங்கிலப் பக்கத்தை வாசிக்கிறது? ஆனால் அதில் ஒரு கேள்வி, கூடுதல் பிழையறிக்கைத் தரவை மைக்ரோசொப்ட்டுக்கு அனுப்பட்டுமா என்பது. அந்த 'ஓம்' எங்கட பேரில் போய்விட்டது.

'பிழையறிக்கை' என்ற சொல்லிலேயே ஏமாற்று இருக்கிறது. மிசின் நீலத்திரை காட்டி விழும்போது, அந்தக் கணத்தில் ரம்மில் கிடந்ததைக் கொப்பியெடுத்து வைக்கும். முழுசாகவும் எடுக்கும், சின்னத் துண்டாகவும் எடுக்கும். இதுதான் கிராஷ் டம்ப். கூடுதல் தரவுக்கு ஓம் சொன்னால் இந்த நினைவக நிலையும் போகலாம், நீங்கள் திறந்து வைத்திருந்த பைலின் பகுதிகளும் தற்செயலாக அதற்குள் அகப்படலாம் என்று மைக்ரோசொப்ட்டே தன் விளக்கக் குறிப்பில் ஒத்துக்கொள்கிறது.

எங்கட திறந்த பைலில் என்ன இருக்கு? இறுதி வருட ஆய்வுக்காக, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் அம்மாமாரைச் சந்தித்து எழுதின நேர்காணல்கள். பேரை மாற்றித்தான் போடுவம் என்று வாக்குக் குடுத்து வாங்கின கதைகள். மாற்றாத பேர்கள் அந்த முதல் வரைவில்தான் இருக்கு. "எங்களிட்ட ஒளிக்க என்ன இருக்கு?" என்று கேக்கிறவைக்கு இதுதான் பதில்: ஒளிக்க வேண்டியது எங்கட கதை இல்லை. 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழரை பஸ்ஸில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். ஆர் எங்க தங்கியிருக்கினம் என்ற விவரம் பிறர் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று எங்கட வீடுகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பெரிய கம்பனி, பத்திரமா வச்சிருக்கும்" என்றும் சொல்லுவினம். வழியில் போகும் விண்டோஸ் பிழையறிக்கைகளை அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. பிடித்துப் பார்த்தது என்று 2013 டிசம்பரில் டெர் ஷ்பீகல் சஞ்சிகை வெளியிட்டது. 2023இல் ஊடுருவிகள் மைக்ரோசொப்ட்டின் கையொப்பச் சாவியொன்றை வைத்து அமெரிக்க அரச மின்னஞ்சல்களை வாசித்தார்கள். சாவி ஒரு கிராஷ் டம்ப்புக்குள் போய்ச் சேர்ந்து அங்கிருந்து களவு போயிருக்கலாம் என்று கம்பனி முதலில் சொன்னது. அடுத்த வருடம், அப்படியொரு டம்ப்பைத் தாங்கள் கண்டுபிடிக்கவில்லை என்று திருத்தியது. தங்கட டம்ப்புக்குள் என்ன இருந்தது என்று அவைக்கே நிச்சயமில்லை. எங்கட டம்ப்புக்கு ஆர் பொறுப்பு?

டம்ப் இல்லாமல் பல பிழைகளைத் திருத்தேலாது, அது உண்மை. தூரத்து மிசினுக்கு அனுப்புவதும் குற்றமில்லை. லினக்ஸில் கேடம்ப் இதைத்தான் செய்கிறது: கர்னல் விழுந்தால், நிர்வாகி தெரிவு செய்த சேர்வருக்கு எஸ்எஸ்எச் வழியாக நினைவகத்தை அனுப்பும். எங்கே போகிறது என்பதை மிசின்காரர் தீர்மானிக்கிறார். எங்கட பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிலும் அப்படியே நடக்கட்டும். டம்ப் வளாகத்துச் சேர்வரைத் தாண்ட வேண்டாம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சம்மதம் என்பது விளங்கி, சுயமாக, குறித்த ஒன்றுக்காகத் தருவது. தம்பி அமத்தினது இதில் எது?

செட்டிங்ஸில் பிரைவசிக்குள் 'டயக்னொஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பக்' என்று இருக்கும். கூடுதல் தரவை அங்கே நிறுத்தலாம், ஏற்கெனவே போனதை அழிக்கச் சொல்லவும் அங்கேயே ஒரு பட்டன் இருக்கு. அடுத்த முறை லெப்டொப்பைக் குடுக்கேக்க, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் 'நோ' அமத்தச் சொல்லித் தம்பியிட்ட சொல்லிப்போட்டு வாங்கோ.