எஞ்சின் நின்றாலும் கையை விடாதீங்க



நம்ம ஊர்ப் பிள்ளைகள் சிலர் கனடாவில் பனி அகற்றும் வேலைக்குப் போகிறார்கள். கிழமைக்கு ஒருக்கா போன் எடுத்து, சாப்பிட்டியா, காசு போட்டியா என்று கேட்கிறோம். அந்த மெசினை ஓட்ட யாரும் பழக்கினார்களா என்று கேட்பதில்லை.

ஈரப் பனி என்றால் பனியை வீசும் குழாய் அடைத்துக்கொள்ளும். எஞ்சினை நிப்பாட்டிவிட்டோமே என்று கையை விடுவார்கள். விரல் போவது அங்கேதான். எஞ்சின் நின்ற பிறகும் உள்ளே விசை தேங்கி நிற்கலாம். அடைப்பு விலகியதும் அலகு சட்டென்று சுற்றும். கையுறை காப்பாற்றாது. எல்லாம் அசையாமல் நிற்கும்வரை பொறுத்து, தடியால்தான் தள்ள வேண்டும். பல மெசின்களோடு அதற்கென்றே ஒரு தடி வருகிறது.

கையை எடுத்தால் நிற்கவேண்டிய லிவரைக் கயிற்றால் கட்டி ஓட்டுபவர்களும் உண்டு. (சாரனும் செருப்புமாகப் புல் வெட்டும் மெசின் பிடிக்கிற நாம் அதைப் பார்த்துச் சிரிக்க முடியாது.)

ஒன்டாரியோவில் ஆபத்தான வேலையை மறுக்கத் தொழிலாளிக்குச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. புதுசாய்ப் போன பிள்ளை பயத்தில் மறுக்கமாட்டான். மறுக்கலாம் என்று வீட்டிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

என்னிடம் படித்த ஒருவனுக்கு நேற்றுச் சொன்னேன். "சேர், எங்கட முதலாளியே கையாலதான் எடுக்கிறாரு" என்கிறான்.