'சார் எந்தக் கட்சி?'

"கல்லூரிக்குள் அரசியல் கூடாது!" பிள்ளையைச் சேர்க்கப் போகிற அப்பா முதல் கல்லூரி முதல்வர் வரை எல்லோரும் சொல்வது இதுதான். சொல்லிவிட்டால் ஆச்சா?

1965-ல் இந்தியை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் மாணவர்கள். 1967-ல் விருதுநகரில் காமராஜரையே 1,285 ஓட்டில் தோற்கடித்தவர், மாணவர் தலைவராக இருந்த சீனிவாசன். அப்போது ஓட்டுப்போட 21 வயது ஆக வேண்டும். 1989 முதல் 18 போதும். முதலாம் ஆண்டு பெஞ்சிலேயே வாக்காளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் அரசியல் பேசாதே என்றால் யார் கேட்பார்கள்?

பேராசிரியருக்கும் கட்சி இருக்கலாம். அதை ஓட்டுச்சாவடியில் காட்டட்டும். வகுப்பில் அவர் கையில் இருப்பது இன்டர்னல் மார்க். பல கல்லூரிகளில் 100-க்கு 25! இட ஒதுக்கீடு பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவன் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன் "சார் எந்தக் கட்சி?" என்று விசாரிக்கிறான். அதற்குத் தக்கபடி எழுதுகிறான். இது படிப்பா, ஜால்ராவா?

அன்றைய மேற்கு ஜெர்மனியிலும் இதே தகராறு வந்தது. 1976-ல் பாய்டல்ஸ்பாக் என்ற ஊரில், எதிரும் புதிருமான கருத்துள்ள கல்வியாளர்கள் கூடிப் பேசினார்கள். ஆசிரியர் தன் கருத்தைத் திணிக்கக் கூடாது. நாட்டில் சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே சொல்ல வேண்டும். மாணவன் தன் நிலையைத் தானே எடைபோடக் கற்க வேண்டும். சட்டம் போடவில்லை, ஓட்டெடுப்பும் இல்லை. ஆனாலும் அங்கே இன்றும் அதுதான் வழிகாட்டி.

சர்ச்சை என்பதற்காக நடந்ததை மறைக்க முடியுமா? 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. இது நடந்த விஷயம். அதை யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. கலைத்தது சரியா, தப்பா? அங்கேதான் இரண்டு தரப்பு வாதமும் வந்தாக வேண்டும்.

வாத்தியார் பாடும் லேசல்ல. எதிர்த் தரப்பு என்ன சொல்கிறது என்று விளக்கினால், அந்த இரண்டு நிமிஷத்தை மட்டும் செல்போனில் வெட்டி ஊருக்கே அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் கல்லூரி வாசலில் கொடியோடு கூட்டம். பயந்துபோன நிர்வாகம் அவருக்கு மெமோ நீட்டுகிறது. அதற்கு அப்புறம் எந்த வாத்தியார் வாயைத் திறப்பார்? நோட்ஸ் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

முழு வகுப்பையும் விசாரிக்காமல் மெமோ கொடுக்கக் கூடாது. இன்டர்னல் தேர்வுத் தாளில் பேருக்குப் பதில் நம்பர் போடலாம். திருத்திய தாளை மாணவனிடமே கொடுத்து, எந்த இடத்தில் மார்க் போச்சு என்று சொல்லலாம். இதற்கெல்லாம் பைசா செலவில்லை. இந்தப் பருவத் தேர்விலேயே ஆரம்பிக்கலாமே!