டெலஸ்கோப் வேண்டாம், வாசல் விளக்குக்கு மூடி போடுங்கள்



"சார், பிள்ளைக்கு டெலஸ்கோப் வாங்கிக் கொடுக்கலாமா?" என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். வேண்டாம். ஒரு பைனாக்குலர் வாங்குங்கள். கூடவே வீட்டு வாசலில் எரிகிற விளக்குக்கு ஒரு மூடி போடுங்கள். இரண்டாவதற்குத்தான் என்னோடு சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

பைனாக்குலர் மேல் 10×50 என்று போட்டிருக்கும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று அர்த்தம். 50-ஐப் பத்தால் வகுத்தால் 5. அந்த 5 மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றைதான் கண்ணுக்குள் வருகிறது. இருட்டில் உங்கள் பிள்ளைகளின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். என் வயதில் 5 வந்தாலே பெரிது. ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இது!

வெளிச்சம் நிறைந்த ஊருக்கு இதில் இன்னொரு உபகாரம் உண்டு. என் கண் தனியாகச் சேர்ப்பதைப்போல நூறு மடங்கு ஒளியை அது சேர்க்கிறது. நட்சத்திரம் புள்ளியாகவே இருப்பதால் அந்த நூறும் புள்ளிக்குப் போகிறது. வானத்தின் வெளுப்போ பத்துக்குப் பத்து, நூறு மடங்கு பரப்பில் விரிந்துவிடுவதால் கூடுவதில்லை. கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடலாம், பரீட்சை கிடையாது.

இப்போது மாசி. ஆனியிலிருந்து ஆவணி வரை குற்றாலச் சாரல் மேகம், ஐப்பசி கார்த்திகையில் மழை. திருக்கார்த்திகை அன்று கார்த்திகை நட்சத்திரத்தைப் பார்ப்பதே நம் ஊரில் அபூர்வம். தை முதல் சித்திரை வரைதான் நமக்கு வானம். இரவு எட்டு மணிக்குத் தட்டட்டியில் ஈசிச்சேரைப் போட்டுச் சாய்ந்து, தெருவிளக்கு கண்ணில் படாமல் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்க வேண்டாம். செல்போனை எடுக்காமல் இருபது நிமிஷம் இருக்க வேண்டும். கஷ்டமான பகுதி அதுதான்.

உச்சிக்குப் பக்கத்தில் வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியும். அதற்குச் சற்றுத் தெற்கே பைனாக்குலரைத் திருப்பினால் பஞ்சு மாதிரி ஒரு புகைத்திட்டு. அது 1,300 ஒளியாண்டுக்கும் அப்பால், புதிதாக நட்சத்திரங்கள் பிறக்கிற இடம். மேற்கே கார்த்திகை. எங்கள் தெருவில் என் பேத்தி வெறும் கண்ணால் நாலு எண்ணினாள். பைனாக்குலரைக் கொடுத்ததும் முப்பதுக்கு மேல் எண்ணிவிட்டு நிறுத்திவிட்டாள். தெற்கே தாழப் பாருங்கள், தனியாக வெள்ளையாக ஒன்று. அதுதான் அகத்தியர். வானத்தில் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். தாமிரபரணி பிறக்கிற பொதிகையும் நமக்கு அதே தெற்குதான். அகத்தியர் மலைக்கு மேலேயே அகத்தியர் நட்சத்திரம் நிற்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகையில் இருப்பதால் கிடைத்த பாக்கியம். லண்டனில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது அடிவானத்தை விட்டு எழும்புவதே இல்லை.

ஆனால் பால்வழியை எந்தப் பைனாக்குலரும் மீட்டுத் தராது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே ஊரில் அது தெரிந்தது. இப்போது எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஒரு கல்யாண மண்டபத்தின் ஃபோகஸ் விளக்கு, முகூர்த்தம் இல்லாத நாளிலும் மேகத்தைப் பார்த்து எரிகிறது. பிள்ளைகளுக்குக் கார்த்திகை என்றால் அகல்விளக்கு, திருவாதிரை என்றால் களி, ரோகிணி என்றால் பக்கத்து வீட்டு அக்கா. பெயரெல்லாம் காலண்டரில் பத்திரமாக இருக்கிறது. வானத்தில் விரல் நீட்டிக் காட்டத்தான் ஆளில்லை. எனக்கு மனசு ஆறாதது இதில்தான்.

சரி, சண்டைக்கு வருவோம். "பொம்பளைப் பிள்ளைகள் ட்யூஷன் முடிந்து வருகிற பாதை, அங்கே போய் விளக்கைக் குறைக்கச் சொல்லலாமா?" என்று எங்கள் மதினி கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் அணைக்கச் சொல்லவில்லை. பிள்ளை நடப்பது தரையில். மூடியில்லாத விளக்கு பாதி வெளிச்சத்தை மேலேயும் பக்கவாட்டிலும் கொட்டுகிறது. கூசுகிற வெள்ளை விளக்கு நேராகக் கண்ணில் அடித்தால் கண்மணி சுருங்கிவிடும். சந்து ஓரத்தில் ஆள் நின்றாலும் தெரியாது. இன்றைக்கே சோதித்துப் பாருங்கள்: வாசல் விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு வேலியோரம் பாருங்கள். மறைத்த பிறகுதான் வேலியோரம் புலப்படும். ஒரு தகர மூடி வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கிவிடும், குறைந்த வாட் பல்பே போதும்.

பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியைப் படியுங்கள். 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை. பகல் வானம் ஏன் நீலம் என்று வகுப்பில் நடத்தினேனே, அதே காரணத்தால் அந்த நீலம் காற்றில் அதிகமாகச் சிதறி வானத்தை வெளுப்பாக்கும். 3000 அல்லது அதற்குக் கீழே, மஞ்சளாக எரிவதை வாங்குங்கள்.

"காவலூருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் போதாதா?" என்கிறார் ஒரு தம்பி. அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து இருக்கிறது, தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் இருட்டு என்பது வேன் பிடித்து ஜவ்வாது மலைக்குப் போய்ப் பார்க்கிற பொருளாகிவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. லடாக்கில் ஹான்லேயைச் சுற்றி 2022-ல் இருள்வான் காப்பகம் என்று அறிவித்தார்கள். அங்குள்ள கிராமத்துக்காரர்கள் ஜன்னலுக்குத் திரை, விளக்குக்கு மூடி என்று போட்டுக்கொண்டு நட்சத்திரம் பார்க்க வருகிறவர்களை உபசரிக்கிறார்கள். அவர்களும் இருட்டில் வீடு திரும்புகிறவர்கள்தானே.

எங்கள் தெருவில் இதுவரை நாலு வீட்டில் மூடி போட்டாயிற்று. ஐந்தாவது வீட்டுக்காரர் என் பழைய மாணவன். இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருப்பான், பெயர் சொல்லவில்லை.

அமாவாசைக்கு முந்தின சனிக்கிழமை இரவு ஏழரைக்கு வீட்டுக்கு வாருங்கள். பைனாக்குலர் இரண்டு இருக்கிறது, சுக்குக் காபி உண்டு. சின்னப் பிள்ளைகளை அவசியம் கூட்டி வாருங்கள். தெருமுனையிலேயே வண்டி லைட்டை அணைத்துவிட்டு மெதுவாக நடந்து வரவும்.