கணக்கைக் கேட்பது நம் உரிமை

பால் நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளைப் பாராமல் நகரும் தொழிலாளி உண்டா? செக்ரோலில் தன் பேர் விழுந்ததா என்று கிராணியாரைக் கேளாதவர் உண்டா? பிள்ளையின் கணிதப் பாடத்தை மட்டும் ஆண்டு முடியும்வரை நம்மில் பலர் கேட்பதில்லை.

சிங்கப்பூரில் உள்ள நம்மவர் இதில் விழிப்பாக இருக்கவேண்டிய காலம் இது. அங்கே அரையாண்டுத் தேர்வுகள் 2023-க்குள் நீக்கப்பட்டன. 2024 முதல் உயர்நிலை ஒன்றில் சேரும் மாணவர்கள் கணிதத்தை ஜி1, ஜி2, ஜி3 என்னும் நிலைகளில் ஒன்றில் பயில்கின்றனர். நன்கு தேறினால் மேல்நிலைக்கு மாறலாம்.

தேர்வுச் சுமை குறைந்ததை வரவேற்கிறோம். ஆனால், மதிப்பெண் தாள் குறைந்தால் வீட்டுக்கு வரும் செய்தி கூடவேண்டும். பிள்ளை எந்த நிலையில் பயில்கிறான், இயற்கணிதத்திலா விகிதத்திலா எங்கே தடுமாறுகிறான், மேலே செல்ல என்ன வேண்டும் – இம்மூன்றையும் பள்ளிகள் தவணைதோறும் எளிய தமிழிலும் அறிவிக்கவேண்டும் என்று கோருகிறோம்.

இந்திய மாணவரின் கல்விப் பின்னடைவைப் போக்கவே 1991-இல் சிண்டா பிறந்தது. அதன் துணைப்பாட வகுப்புகள் இன்றும் நடக்கின்றன. காலத்தில் குறை தெரிந்தால்தானே அங்கே அனுப்பலாம்?

தோழர்களே, ஆங்கிலம் வராதென்று கூசவேண்டாம். ஆசிரியர் சந்திப்புக்குச் செல்லுங்கள். கேளுங்கள்!