சட்டம் படித்துவிட்டு ‘கிளார்க்’ வேலையா?

“நாலு வருஷம் சட்டம் படிச்சிட்டு கிளார்க் வேலைக்கா போகப்போறே?”

நீதிபதிகளின் சட்ட எழுத்தர் பணி பற்றி வீட்டில் பேச்செடுத்தபோது அம்மா கேட்ட கேள்வி இது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், இரண்டாம் ஆண்டு சட்ட மாணவியான எனக்கே ஒரு வாரத்துக்கு முன்புவரை அப்படி ஒரு பணி இருப்பது தெரியாது. சக மாணவர்கள் இருவர் சாப்பிட்டுக்கொண்டே பேசியது காதில் விழுந்ததால்தான் தெரிந்தது. அவர்களில் ஒருவரின் அக்கா வழக்கறிஞர்.

சிங்கப்பூர் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்குத் துணையாகப் பணியாற்றும் இளம் சட்டப் பட்டதாரிகளே சட்ட எழுத்தர்கள். யோங் பங் ஹாவ் தலைமை நீதிபதியாக இருந்த காலத்தில் தொடங்கிய திட்டம் இது. கடிதம் தட்டச்சு செய்வதும் கோப்புகளை அடுக்குவதும் இவர்கள் வேலை அல்ல. இரு தரப்பு வாதங்களையும் படித்து, முந்தைய தீர்ப்புகளை ஆராய்ந்து, வழக்கில் தீர்க்கவேண்டிய கேள்விகள் எவை என்று நீதிபதிக்குக் குறிப்பு எழுதுகிறார்கள். முடிவெடுப்பவர் நீதிபதிதான். ஆனாலும், ஒரு தீர்ப்பு எப்படி உருவாகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு முதல் வேலையிலேயே எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இது ஒன்றும் ரகசியம் இல்லை. நீதிமன்ற இணையத்தளத்திலேயே விவரங்கள் உள்ளன. ஆனால், பெயரே கேள்விப்படாத ஒன்றை யார் போய்த் தேடுவார்கள்? எப்போது தயாராகத் தொடங்குவது, யாரிடம் ஆலோசனை கேட்பது என்பதெல்லாம் வாய்வழியாகவே பரவுகின்றன. வீட்டில் ஒரு வழக்கறிஞர் இருந்தால் முதலாம் ஆண்டிலேயே தெரிந்துவிடுகிறது. குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டம் படிப்பவருக்குத் தாமதமாகவே தெரிகிறது. அதற்குள், “இதெல்லாம் நமக்குக் கிடைக்காது” என்று அவரே முடிவுகட்டிவிடுகிறார்.

போட்டி கடுமையானது; மதிப்பெண்களும் மிக முக்கியம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், தகுதி இருந்தும் விவரம் தெரியாததால் விண்ணப்பிக்காமல் விடுவதுதான் வருத்தத்துக்குரியது.

இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. பெரும்பாலான நீதிமன்ற விசாரணைகளைப் பொதுமக்கள் நேரில் பார்க்கலாம். விசாரணைப் பட்டியலை இணையத்தில் பார்த்துவிட்டுப் போனால் போதும். சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், உச்சியில் பெரிய வட்டத்தட்டு போன்ற அமைப்புடன் உச்ச நீதிமன்றக் கட்டடம் தெரியும். சட்டம் படிக்க எண்ணும் தொடக்கக் கல்லூரி மாணவர்களும் ஒருமுறை போய்வரலாம்.

அடுத்தது, வாசிப்பு. தீர்ப்புகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். வாரம் ஒரு தீர்ப்பை எடுத்து, என்ன நடந்தது, கேள்வி என்ன, நீதிபதி ஏன் அப்படி முடிவு செய்தார் என்று ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதலில் மூன்று பக்கம் போகும். சுருக்கச் சுருக்கத்தான் நமக்கு எது புரியவில்லை என்பது தெரியவரும். சட்ட எழுத்தர் பணிக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

விரிவுரையாளர்களையும் சீக்கிரமே அணுகுங்கள். நம் மதிப்பெண்ணை மட்டும் அறிந்தவரால் நம்மைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது. நம் ஆய்வுக் கட்டுரையைப் படித்துத் திருத்தியவரால் முடியும். விடுமுறைக் காலத்தில் நீதிமன்றங்கள் வழங்கும் வேலைப் பயிற்சிக்கும் விண்ணப்பிக்கலாம்.

இங்கே மூன்று பல்கலைக்கழகங்களில் சட்டம் படிக்கலாம். பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகள் நாடகம், போட்டி, துணைப்பாட வகுப்பு என எத்தனையோ நடத்துகின்றன. ஆண்டில் ஒரே ஒரு மாலையை இதற்கும் ஒதுக்கலாமே! சட்ட எழுத்தராக இருந்த மூத்தோர் தாங்கள் கண்ட வழக்குகளைப் பற்றிப் பேச முடியாது. ஆனால், எப்படித் தயாரானார்கள் என்பதைச் சொல்லலாம். விண்ணப்பித்தும் கிடைக்காதவர்களும் வந்து பேசவேண்டும். எங்கே சறுக்கினோம் என்று அவர்கள் சொல்வது மிகவும் உதவும்.

அம்மாவுக்கு இப்போது விவரம் தெரியும். அடுத்த வீட்டுத் தம்பி சட்டம் படிக்கப்போவதாகச் சொன்னதும், “சட்ட எழுத்தர்னு ஒரு வேலை இருக்கு, தெரியுமா?” என்று அவர்தான் முதலில் கேட்டார். சட்டம் படிக்கும் நாம் இதுவரை எத்தனை பேரிடம் அப்படிக் கேட்டிருக்கிறோம்?